அரைப் புள்ளியும் அந்தியூர்ப் பேருந்தும்

கோயம்புத்தூரில் நான் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே மூன்று பேர் என்னிடம் என் குழந்தை எங்கே என்று கேட்டுவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. அதன் அரங்கத்தில் ஐந்து நாள் சதுரங்கப் போட்டி. ஆட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பால்பல் விழுந்து முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்ட அம்மா அப்பாக்கள் வாசலில் மரத்தடியில் பாய் விரித்து, சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். கைப்பையோடு நானும் அங்கே போய் நின்றால் யாரும் வேறு என்னதான் நினைப்பார்கள்?

"ஏனுங்க, உங்க பாப்பா எத்தனாவது போர்டுங்க?" என்று ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"பாப்பா இல்லைங்க. நான்தான் ஆட வந்திருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இங்க பாருங்க. இந்தக்காதான் ஆடறாங்களாமா." வீட்டுக்காரர் மரியாதைக்காகச் செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்த அம்மா கொடுத்த இடத்தில் உட்காராமல் உள்ளே போய்விட்டேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மலேசியாவில் தைப்பிங் என்கிற, சாயங்காலம் ஆனால் மழை பெய்கிற ஊரில், டயாலிசிஸ் நிலையம் ஒன்றில் தாதியாக வேலை பார்க்கிறேன். இங்கே நர்ஸ் என்று சொன்னால்தான் புரிகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை பெர்த்தில் இருக்கிறாள், பிறந்தநாளுக்குப் பேசிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் கற்ற சதுரங்கம் மறக்காமல் இருந்ததற்குக் காரணம் ஆ சோங் என்கிற லாரி ஓட்டுநர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ஒரு கையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பார். இன்னொரு கையால் என்னோடு ஆடுவார். வேலைக்கு நடுவே நான் வந்து ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவேன். "இன்னொரு ஆட்டம் போடு. நான் எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறேன்?" என்பார் மலாயில். ஒன்பது வருடம் அப்படி ஆடினோம். போன வருடம் அவர் வரவில்லை. அவருடைய படுக்கைக்கு இப்போது வருகிறவர் நாலு மணி நேரமும் தூங்குகிறார்.

எங்கள் ஊரிலும் போட்டிகள் நடக்கின்றன. நானும் சிலவற்றில் ஆடி, என் பெயருக்கு எதிரே, ஆட்டத் திறமையை அளக்கிற ஒரு ரேட்டிங் எண் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே ஆடினால் சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்பி அதே விளக்கைப் போட வேண்டும். சேர்ந்து கிடந்த விடுமுறையைச் செலவழிக்கப் புறப்பட்டபோது, நான் பட்டுச்சேலை வாங்கப் போவதாகவே கூட வேலை பார்ப்பவர்கள் நினைத்தார்கள். இல்லை, சதுரங்கம் ஆடத்தான் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சேலைக்கு நிறம்கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

தங்கியது கணபதி என்கிற பகுதியில் ஒரு லாட்ஜ். அறைக்கு எதிரே வரிசையாகப் பட்டறைகள். லேத் மெஷின்கள் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை இரும்பைச் சீவிக்கொண்டே இருக்கும். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டாம் நாள், ஷட்டர்களை இழுத்து மூடிச் சத்தம் நின்ற பிறகுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. அது இருக்கும்வரை எதிரே ஆட்கள் இருக்கிறார்கள் என்றாவது இருந்தது.

இந்த ஊரில் டீ குடிக்க பேக்கரிக்குத்தான் போகிறார்கள். எங்கள் ஊரில் பேக்கரி என்றால் ரொட்டி வாங்கும் இடம். இங்கே அது ஊரின் கூடம். பப்ஸைக் கடித்துக்கொண்டு, நின்றபடியே, நிலம் விற்பதிலிருந்து பெண் பார்ப்பதுவரை பேசி முடிக்கிறார்கள். டீ போடுகிறவர் என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"மலேசியா."

"அட, எங்க மச்சான் ஒருத்தன் அங்கதான் இருக்கறானுங்க. செந்திலு. செவப்பா, ஒசரமா இருப்பான். பாத்திருக்கறீங்களா?"

பார்த்ததில்லை என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. டீயில் சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். முதல் நான்கு நாளில் சதுரங்கம் சாராமல் என்னோடு நடந்த மிக நீளமான உரையாடல் இதுதான்.

ஆட்டங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்குழந்தை, நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு ஏறி உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் என் ராணியைப் பிடித்தாள். பிடித்துவிட்டு, எனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்தமாதிரி முகத்தைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சம் சரியில்லை, மின்விசிறி காயைப் பார்த்து அடித்தது என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மூன்றாம் நாள் சீக்கிரமே தோற்றுவிட்டதால் ஒரு முழு மதியம் மிச்சமாயிற்று. குளக்கரையில் நடக்கலாம் என்று உக்கடம் பேருந்தில் ஏறினேன். தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். வியர்த்து வழிந்து குளக்கரைக்குப் போனால் நல்ல காற்று. தைப்பிங்கிலும் ஏரி உண்டு. அதன் கரையில் தனியாக நடப்பவர்கள் நிறைய. இங்கே யாரும் தனியாக வருவதில்லை போல. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று ஒரு குடும்பம் போனை நீட்டியது. அடுத்து புதுசாகக் கல்யாணமான ஜோடி. அப்புறம் ஒரு கல்லூரிக் கூட்டம். ஆறு தடவை படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரிடமும் என் போனைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

கலாமணியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அந்த அரங்கத்தில் ஆட வந்த பெரிய பெண்கள் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வருவாள், ஆட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவாள். முதல் நாளிலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று இருந்தது. மூன்றாம் நாள் காலை தண்ணீர்க் கேன் பக்கத்தில் அவளே பேசினாள்.

"நீங்களும் ஆடறவங்கதானுங்களா, அக்கா?"

"ஆமாம்."

"நல்லதாப் போச்சுங்க. நான் ஒருத்திதான் இந்தக் கூத்துன்னு நெனச்சனுங்க." சிரித்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் கடைசிச் சுற்றின் பட்டியலை ஒட்டினார்கள். யாருக்கு யார் எதிரி என்ற பட்டியல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். ராஜேஸ்வரி என்ற என் பெயருக்கு எதிரே கலாமணி என்று இருந்தது. சின்னப்பிள்ளைபோல் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். லாட்ஜ் பையனிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி, அடுத்த நாளுக்கான சேலையைத் தேய்த்து வைத்தேன்.

கடைசிச் சுற்று காலை ஒன்பதரைக்கு. கலாமணி அன்றைக்கு வேறு ஆளாக வந்திருந்தாள். தலை நிறையப் பூ. இரண்டு கையிலும் மணிக்கட்டு தாண்டி மருதாணி. பரிசு கொடுக்கும் நாள் என்று அலங்காரம் செய்துகொண்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆட்ட நடுவரான ஆர்பிட்டர் கடிகாரத்தை ஓடவிடச் சொல்லிவிட்டார். இருவரும் கைகுலுக்கினோம். அதன்பிறகு பேசக் கூடாது.

சதுரங்கத்தில் ட்ரா கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்பு, ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். ஏன் எதற்கு என்று காரணம் சொல்லக் கூடாது. எதிரே இருப்பவர் ஒத்துக்கொண்டால் ஆளுக்கு அரைப் புள்ளியோடு எழுந்துவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பேசாமல் அடுத்த காயை நகர்த்த வேண்டியதுதான்.

பதினொன்று அடிக்கக் கால் மணி இருக்கும்போது கலாமணி கேட்டாள். "ட்ராங்களா, அக்கா?"

ராணிகள் இரண்டும் வெளியே போயிருந்தன. இருவருக்கும் சமமான நிலை. எந்த ஆட்டக்காரரும் ஒத்துக்கொள்கிற இடம். எனக்கு அந்தச் சுற்றில் ஜெயிக்கவும் ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை. ஆனால் ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? கைகுலுக்குவோம். அவள் கம்பெனிக்கு ஓடுவாள். நான் லாட்ஜுக்குப் போய், மறுநாள் சாயங்கால விமானம்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் என் எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பாள், நான் என்ன செய்யப்போகிறேன் என்பதையே யோசித்துக்கொண்டு. நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு யானையை நகர்த்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டாள். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

சுவர்க் கடிகாரத்தை அடிக்கடி பார்த்தாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பன்னிரண்டரைக்கு மூன்றாம் முறை, அதற்கு ஐந்து நிமிடம் கழித்து நான்காம் முறை. கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்ப ட்ரா கேட்பது தொந்தரவு, விதியில் இருக்கிறது.

"அம்மா, இப்பிடிக் கேட்டுக்கிட்டே இருக்கக் கூடாதுங்க. இது வார்னிங்" என்றார் ஆர்பிட்டர்.

"சரிங்க சார். மன்னிச்சுக்குங்க."

அவள் காது சிவந்துபோயிற்று. ஒன்பது வருடம் என் எதிராளி எழுந்து போக முடியாத ஒருவர். அந்தச் சுகம் எனக்குப் பழகிப்போயிருந்தது. இன்னொருத்தருக்குப் போக ஓர் இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பிறகு அவள் கோபத்தோடு ஆடினாள், நன்றாகவும் ஆடினாள். ஒரு கட்டத்தில் அவளுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தடுத்தேன். சுற்றிலும் பலகைகள் காலியாகி, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். ஒன்று ஐம்பதுக்கு அவளுடைய கடைசிச் சிப்பாயை என் ராஜா வெட்டினான். பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும். அதற்குமேல் யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. காலை பத்தே முக்காலுக்கு எது கேட்டாளோ அதுவே வந்தது.

தாளில் கையெழுத்துப் போட்டாள். கையைத் தொட்டும் தொடாமலும் குலுக்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பின்னாலேயே போனேன். வெளியே செல்போன் வைக்கும் மேசையில் அவள் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"என்ற தம்பிக்கு நாளைக்கு விடியால கண்ணாலமுங்க, அந்தியூருல. இன்னிக்குச் சாயங்காலம் இணைச்சீரு. கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான்."

இணைச்சீர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. படியிலிருந்து எழுந்து நடந்தபடியே சொன்னாள். கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முதல் நாள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய அக்காளோ தங்கையோ நிற்க வேண்டும். மணப்பெண்ணுக்கு வாங்கிய கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறு முனை இவளிடம். ஆயுசுக்கும் ஒரு தடவைதான். ஆறு வருடமாகப் பெண் தேடி, மூன்று வாரம் முன்பு திடீரென்று கூடிவந்த கல்யாணம். அதற்கு முன்பே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரரையும் மகளையும் முன்னாலேயே அனுப்பிவிட்டு, மூன்று மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

போனை எடுத்து வாடகைக் கார் கூப்பிட்டேன். முதல் ஓட்டுநர், "எங்கீங்க, அந்தியூருங்களா?" என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார். இரண்டாமவர் கேட்காமலே ரத்து செய்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள். ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. சத்தியமங்கலம் போகிற சத்தி ரோட்டுக்கு ஓடி, வந்த பேருந்தில் ஏறினோம். நானும் ஏறினேன். அவள் வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கால் வைக்க இடமில்லை. பட்டுச்சேலையும் மல்லிகையும் வியர்வையுமாக ஒரே நெரிசல். யாரோ ஒருவருடைய சீர்த்தட்டு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. கோவில்பாளையம் தாண்டும்போது கலாமணியின் அம்மா கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "எங்கடி இருக்கற?"

"அன்னூரு தாண்டிட்டம்மா."

அன்னூரில் மறுபடி. "புளியம்பட்டி வந்துட்டன்." இப்படி ஒவ்வொரு ஊரையும் பேருந்துக்கு முன்பாகவே தாண்டிக்கொண்டு வந்தாள். புளியம்பட்டிக்குச் சற்று முன்னால் டயர் பஞ்சராகிவிட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இங்கே பத்து நிமிடத்தில் யார் எந்தக் கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு பெரியம்மா துணிப்பையிலிருந்து கச்சாயம் எடுத்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். வெல்லமும் எண்ணெயுமாக விரலில் ஒட்டியது. காலையிலிருந்து இருவரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கலாமணி பாதியைக் கடித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள்.

"விட்டுக்கொடுத்துட்டு எழுந்து போயிருக்கலாமே" என்றேன். என் தப்பில் பாதியை அவள் தலையில் கட்டப் பார்த்தேன் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

"தோத்துப்போட்டு எந்திரிச்சா கணக்காகாதுங்க அக்கா. இந்த அரைப் பாயிண்டு வந்தாத்தான் எனக்கு மொத ரேட்டிங்கு." ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்ற புள்ளைய ஏழு வருசம் ஊர் ஊராக் கூட்டிட்டுப் போனனுங்க. மரத்தடியிலயே உக்காந்திருப்பேன். அங்க உக்காந்து உக்காந்தே நானும் கத்துக்கிட்டேன். பத்தாவது வந்ததும் அவ உட்டுப்போட்டா. நான் புடிச்சுக்கிட்டேன். தெனமும் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்தற கைதானுங்க. என்ற பேருக்கு நேரா ஒரு நம்பரு வரோணும்னு ஆசை."

என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஏனுங்க அக்கா, உங்களுக்கு இன்னிக்கு ஜெயிச்சே தீரோணும்னு இருந்துச்சுங்களா?"

"ஆமாம்" என்றேன். பொய்.

பின்னால் வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போய், அங்கே அந்தியூர்ப் பேருந்தைப் பிடித்தோம். அதில் உட்கார இடம் கிடைத்தது. வாழைத்தோப்பும் மஞ்சள் காடும் ஜன்னலில் போய்க்கொண்டிருந்தன. வேறு ஒரு நாளாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பேன். அன்று அவள் மடியில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஐந்து மணிக்குப் பிறகு அது அடிக்கவில்லை. அடிக்காமல் இருப்பது அடிப்பதைவிட மோசமாக இருந்தது.

மண்டபத்தை அடைந்தபோது ஆறேகால். வாசலில் வாழை மரம், சீரியல் விளக்கு. மேடையில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்று, யாரோ சொல்கிறபடி சேலையை மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கலாமணி நடு வழியில் நின்றுவிட்டாள்.

அவளுடைய அத்தை ஒருவர் வேகமாக வந்தார். "ஏங் கண்ணு, இப்பத்தான் வர்றயா? நேரம் தாண்டுதுன்னு, சீர் நடத்தற அருமைக்காரர் சத்தம் போட்டாரு. உங்க சித்தப்பன் புள்ளைய நிக்க வெச்சுப்போட்டோம்."

கலாமணி தலையை மட்டும் அசைத்தாள்.

"செரி, போன காரியமாச்சும் ஜெயிச்சயா?"

"இல்லீங்க அத்தை. ட்ரா."

"அப்பிடின்னா?"

"ரெண்டு பேரும் ஜெயிக்கலீங்க. ரெண்டு பேரும் தோக்கலீங்க."

அத்தை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா இத்தன நேரம்?"

மேடையிலிருந்து தம்பி இறங்கி வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். "வந்துட்டயாக்கா? சாப்புட்டுப்போடு, முகமே வாடிக் கெடக்குது" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். சொல்லிவிட்டு வந்தவர்களைக் கும்பிடப் போய்விட்டான்.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலிகள் கிடந்தன. கலாமணி ஒன்றில் உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்த அதே தூரம். இப்போது பேசத் தடையில்லை. சொல்லிவிட்டேன்.

"ஜெயிக்கிறதுக்காக இல்லம்மா. ஆட்டம் முடிஞ்சா லாட்ஜுக்குப் போகணும். போகப் பிடிக்கலை. எதிர்ல ஆள் இருக்கட்டும்னு உட்கார வச்சுட்டேன். அவ்வளவுதான்."

அவள் கையில் மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திட்டு, அழு, எழுந்து போ, எதையாவது செய் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அவள் பையைத் திறந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நேத்து லிஸ்டுல உங்க பேரைப் பாத்து எழுதினனுங்க. தனியாத்தான் வந்திருக்கறீங்கன்னு பாத்தாலே தெரியுதுங்களே. கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன்."

"முன்னாடியே குடுத்திருக்கலாமே" என்றேன்.

"ஆட்டத்துக்கு மின்னால குடுத்தா, ட்ராவுக்கு அடி போடற மாதிரி ஆயிருமுங்களே. முடிஞ்சதும் குடுக்கலாம்னுதான் உக்காந்தேன். மொதத் தடவை கேட்டப்பவே செரின்னு சொல்லியிருந்தீங்கன்னா, ரெண்டு பேரும் பன்னண்டு மணிக்கே பஸ்ஸேறியிருப்பமுங்க அக்கா."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களை வரவேற்கப் போனாள்.

பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. உறைமேல் நீல மசியில், ராஜேஸ்வரி அக்கா என்று எழுதி, வழக்கப்படி அதன்கீழே குடும்பத்துடன் என்றும் எழுதியிருந்தாள்.

பந்தியில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்கம்மணி, வாங்க. எத்தன பேருங்க?"

"ஒருத்திதாங்க" என்றேன்.